கல்லூரிக்கு வெளியே ஒரு மூத்தவர்: ஓர் உதவிப் பேராசிரியரின் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

முனைவர் பட்டம் பெற்று, தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஓராண்டு முடிந்த நிலையில் உங்கள் மகள் வேலையை விட்டுவிட நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால், நீங்களும் சரியென்று சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள். முடிவு அவருடையது. ஆனால் அந்த முடிவுக்கு முன், தம்முடைய சம்பளத்திலும் பதவி உயர்விலும் எந்தக் கையெழுத்தும் போடாத, வேறு நிறுவனத்தைச் சேர்ந்த மூத்த பேராசிரியர் ஒருவரோடு ஆறு மாதமாவது இணையவழியில் அவர் பேசிப் பார்க்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன்.

இன்று அவருக்கு ஆலோசனை சொல்ல யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் இருப்பதுபோல, அவரே இருபது மாணவர்களுக்கு 'மென்டார்', அதாவது வழிகாட்டி. அவர்களுடைய வருகைப் பதிவையும் மதிப்பெண்ணையும் மனக்குறையையும் ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறார். அவருக்கென்று அப்படி ஒருவர் இல்லை. துறைத்தலைவர் நல்லவராகவே இருந்தாலும், ஆண்டு மதிப்பீட்டை எழுதுபவரிடம் போய் 'எனக்கு இந்தப் பாடம் நடத்தத் தெரியவில்லை', 'அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டால் ஆய்வு என்னவாகும்' என்று யாரால் கேட்க முடியும்? ஒரே கல்லூரிக்குள் கேட்கும் கேள்வி, மறுநாள் ஆசிரியர் அறையில் வேறு உருவத்தில் உலவுவதும் உண்டு.

இந்தச் சிக்கலை முன்பே உணர்ந்து செயல்பட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கரோல் முல்லர் 1997-இல் தொடங்கிய மென்டார்நெட் என்ற அமைப்பு, பொறியியலிலும் அறிவியலிலும் இருந்த பெண்களை வேறு ஊரில், வேறு நிறுவனத்தில் பணியாற்றும் மூத்தவர்களோடு மின்னஞ்சல் வழியாக இணைத்தது. மாணவியருக்காகத் தொடங்கிய அது, பிறகு ஆசிரியப் பணியில் காலடி வைத்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. வாரத்துக்குச் சில நிமிடங்களே தேவைப்பட்ட அந்த ஏற்பாட்டின் பலம் தூரத்தில்தான் இருந்தது. எதிர்முனையில் இருப்பவருக்கு நம்மை மதிப்பிடும் வேலை இல்லாததால் மறைக்காமல் கேட்க முடிந்தது. நம் நாட்டிலும் 2020 தேசியக் கல்விக் கொள்கை, கல்லூரி ஆசிரியர்களுக்கு மூத்த, ஓய்வுபெற்ற பேராசிரியர்களைக் கொண்டு வழிகாட்டும் தேசிய இயக்கம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. அது தன் கல்லூரி வாசலுக்கு வரும் வரை உங்கள் மகள் காத்திருக்க வேண்டியதில்லை.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த கட்டடப் பொறியியல் ஆசிரியை ஒருவர், தமக்கு ஆய்வுத்திறன் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்த வழிகாட்டி வேறு மாநிலத்தில் இருந்த ஒரு பேராசிரியை. முதல் சந்திப்பில் அவர் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை. அந்த வாரத்தின் நேர அட்டவணையைத் திரையில் காட்டச் சொன்னார். பத்தொன்பது மணி நேர வகுப்பும் ஆய்வகமும், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்பு, பெண்கள் விடுதியின் துணைக் காப்பாளர் பொறுப்பு, கலைவிழாக் குழு, கோடையில் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராகப் போகும் பணி என்று அது நிரம்பியிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிமுறைகள் உதவிப் பேராசிரியருக்குச் சொல்லும் நேரடிக் கற்பித்தல் நேரம் வாரத்துக்குப் பதினாறு மணி. விடுதி, விழா, வரவேற்பு போன்ற பொறுப்புகள் இளம் பெண் ஆசிரியர்கள் தலையிலேயே வந்து விழுவது இவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதை அந்தப் பேராசிரியை எடுத்துக்காட்டினார். அடுத்த பொறுப்பு வரும்போது மறுக்காமல், 'எடுத்துக்கொள்கிறேன் சார், இதற்குப் பதிலாக இப்போது இருப்பவற்றில் எதை விடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார். விடுதிப் பொறுப்பு போயிற்று. மூன்று மாதம் கழித்துத்தான் கட்டுரையைப் பற்றிய பேச்சே தொடங்கியது.

வழிகாட்டியை எங்கே தேடுவது என்பதுதான் எல்லோரும் தயங்கும் இடம். உங்கள் மகளின் ஆய்வேட்டை மதிப்பிட்டு வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளரை நான் முதலில் சொல்வேன். நெறியாளருக்கு அடுத்து அந்த ஆய்வேட்டை முழுமையாகப் படித்திருக்கக்கூடியவர் அவர்தான். பட்டம் கிடைத்த பிறகு அவருக்கு எழுதுவதில் தவறேதும் இல்லை. மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ-டிரிபிள்-ஈயின் பெண் பொறியாளர் பிரிவு போன்ற தொழில்முறை அமைப்புகள் வழியாகவும் தேடலாம். மாநிலப் பல்கலைக்கழகங்கள், தனியார் கல்லூரிகள் ஆகியவற்றின் ஆசிரியர்கள் தங்கள் வேலையை விடாமலே ஐஐடி போன்ற நிறுவனத்தில் பகுதி நேரமாக ஆய்வு செய்ய 'டேர்' என்ற மத்திய அரசுத் திட்டம் வழி செய்கிறது. அதற்கு விண்ணப்பிக்கத் தேடும் பேராசிரியரே நல்ல வழிகாட்டியாகவும் அமையக்கூடும். ஒருவரே எல்லாமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆய்வுக்கு ஓர் ஆண் பேராசிரியர் பொருத்தமாக இருக்கலாம். சட்டம் தரும் இருபத்தாறு வார மகப்பேறு விடுப்புக்குப் பிறகு ஆய்வகத்துக்குத் திரும்பும் நாட்களைப் பற்றி, அதைக் கடந்து வந்த ஒரு பெண்ணிடம் கேட்பதே மேல்.

முதல் மடல் பத்து வரிக்குள் இருக்கட்டும். தான் யார், எந்தத் துறை, எந்த ஒரு கேள்விக்கு விடை தேவை, மாதத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்க முடியுமா என்பவை போதும். 'எனக்கு வழிகாட்டுங்கள்' என்று மட்டும் எழுதினால் எதிர்முனையில் இருப்பவருக்கு எதைச் செய்வதென்று தெரியாது. 'ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் இடம்பெறும் கட்டுரை இரண்டு வேண்டும் என்கிறார்கள்; இந்த மூன்று இதழ்களில் எது நம்பத் தக்கது?' என்று கேட்டால், பணம் வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி இதழ்களிலிருந்து அந்த ஒரு பதிலே உங்கள் மகளைக் காப்பாற்றிவிடும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்ல வேண்டும். கல்லூரி மின்னஞ்சலில் இந்த உரையாடல் வேண்டாம், சொந்த முகவரியே நல்லது. வழிகாட்டுவதற்கு ஈடாகக் கட்டுரையில் தம் பெயரைச் சேர்க்கச் சொல்பவரிடமும், கட்டணம் கேட்டு உறுதிமொழி தருபவரிடமும் தொடர வேண்டாம். பாலியல் தொந்தரவு, அதையொட்டிய மிரட்டல் போன்றவை நடந்திருந்தால் அது கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்குப் போக வேண்டியது. வழிகாட்டியிடம் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயமல்ல.

ஆறு மாதத்துக்குப் பிறகும் விலகுவதே சரி என்று அவருக்குப் பட்டால் விலகட்டும். பணியில் இடைவெளி விழுந்த பெண் அறிவியலாளர்கள் திரும்பி வருவதற்கென மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-இல் தொடங்கிய முயற்சி, இன்று வைஸ்-கிரண் என்ற பெயரில் நடக்கிறது. அதற்கான ஆய்வுத் திட்டத்தை எழுதவும் அந்த வழிகாட்டி துணை நிற்பார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சந்திப்பு பெரும்பாலும் சனிக்கிழமை மாலையில் அமையும். அந்த நாற்பது நிமிடமும் அறைக் கதவு சாத்தியிருக்கட்டும்; குழந்தையை நீங்கள் கோவிலுக்கோ கடைத்தெருவுக்கோ அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். திரும்பி வந்ததும் என்ன பேசினீர்கள் என்று கேட்க வேண்டாம்.