பள்ளி நூலகத்தில் என்ன செய்யலாம்? கேள்வி பதில்

அரசு உயர்நிலைப் பள்ளியில் பாடத்தோடு நூலகப் பொறுப்பையும் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களை வைத்து நூலகத்தில் என்னென்ன நடத்தலாம் என்று கேட்டிருந்தவர்களுக்குப் பதில்கள் கீழே.

சார், எங்கள் பள்ளியில் நூலகத்துக்குத் தனி அறை இல்லை. தலைமையாசிரியர் அறையில் ஒரு பீரோ, சாவி என்னிடம். இதை வைத்து என்ன நிகழ்ச்சி நடத்துவது? (தமிழாசிரியை)

பீரோ போதும் டீச்சர். அது தலைமையாசிரியர் அறையில் இருப்பதுதான் சிக்கல். எந்தப் பிள்ளை அங்கே தானாக நுழையும்? 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். உங்களுக்கும் அதே வழிதான். வகுப்புக்கு ஓர் அட்டைப்பெட்டி, அதில் முப்பது புத்தகம், ஒரு நோட்டு, பார்த்துக்கொள்ள இரண்டு மாணவர்கள். மாதம் ஒருமுறை பெட்டியை அடுத்த வகுப்புக்கு மாற்றுங்கள். மாற்றும் அன்று, கொடுக்கிற வகுப்பு வாங்குகிற வகுப்பிடம் ஐந்து நிமிடம் பேசட்டும்: இதைப் படி, இது போர் அடிக்கும், இதில் கடைசிப் பக்கத்தைக் காணோம். போர் அடிக்கும் என்று சொல்ல அனுமதி இருந்தால்தான் நல்லது என்று சொல்வதையும் நம்புவார்கள்.

எனக்குப் படம் வரைய வரும், மேடையில் பேச வராது. நூலக விழா என்றாலே பேச்சுப் போட்டிதான் வைக்கிறார்கள். (ஒன்பதாம் வகுப்பு மாணவன்)

தம்பி, ஓர் ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் போடு. தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். குட்டையான பக்கங்கள் இரண்டும் சேரும்படி ஒருமுறை மடித்து, மடிப்பு விளிம்பிலிருந்து நடுக்கோடு வழியாக அடுத்த மடிப்பு வரை மட்டும் வெட்டு. முழுதும் வெட்டிவிட்டால் தாள் போச்சு. பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்ளே தள்ளினால் நடுவில் வாய் திறந்து கூட்டல் குறி மாதிரி நிற்கும். அப்படியே சுற்றி மடித்தால் புத்தகம். பசையும் வேண்டாம், ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம்.

வரைவதற்கு முன்பே ஒருமுறை மடித்துப் பக்க எண் போட்டுக்கொள். விரித்தால் ஒரு வரிசை தலைகீழாக இருக்கும். ஓரத்தில் விரலளவு இடம் விடு, ஜெராக்ஸ் மெஷின் விளிம்பைத் தின்றுவிடும். விஷயத்துக்கா பஞ்சம்? உங்கள் ஊர்க் குளத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது, பாட்டி ரசப்பொடிக்கு எதை எவ்வளவு போடுகிறார், இப்படி எவ்வளவோ இருக்கிறது.

கணக்கு வாத்தியாருக்கு நூலகத்தில் என்ன வேலை? (கணித ஆசிரியர்)

இதை நீங்களே கேட்கலாமா சார்? இந்திய நூலகத் துறைக்கு வழிகாட்டிய சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். 1924-இல்தான் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அது உங்கள் பள்ளியில் நடக்கிறதா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வழங்கல் பதிவேட்டை எடுங்கள். எடுத்தவர் பெயர்களை மறைத்துவிட்டு, எந்த மாதம் எத்தனை புத்தகம் போனது, எது அதிகம் போனது, எது ஒருமுறைகூட வெளியே போகவில்லை என்று கணக்கெடுத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். புள்ளியியல் பாடம் அதிலேயே முடிந்துவிடும். யாரும் தொடாத புத்தகங்களைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே மூன்று வரி துப்பு மட்டும் எழுதி மேஜையில் வையுங்கள். உள்ளே என்ன என்று பார்க்கவே கூட்டம் வரும்.

மனித நூலகம் என்கிறார்களே, அது என்ன? (ஒரு மாணவியின் அம்மா)

2000-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்கியது அம்மா. அங்கே மனிதர்தான் புத்தகம். அவரை அரைமணி நேரம் 'இரவல்' வாங்கி உட்கார்ந்து பேசலாம். யாரை ஒதுக்கிப் பார்க்கிறோமோ அவரிடமே நேரில் கேட்பது என்பதுதான் அதன் அடிப்படை. நம் பள்ளிகளில் டாக்டரையும் கலெக்டரையும் கூப்பிட்டு அதைத் தொழில் வழிகாட்டி நிகழ்ச்சி ஆக்கிவிடுகிறோம், எனக்கு அதில் உடன்பாடில்லை. சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்கா, பார்வையற்ற ஆசிரியர், ஊர் விட்டு ஊர் வந்து கட்டட வேலை செய்பவர் என்று அழையுங்கள். ஒருவருக்கு நான்கைந்து பிள்ளைகள் போதும். கேள்விகளை முன்பே அவரிடம் காட்டிவிட வேண்டும்; பிடிக்காத கேள்வியை அவர் தள்ளிவிடலாம். செல்போன் வெளியே.

அறிவியலுக்கு ஏதாவது? (பத்தாம் வகுப்பு மாணவி)

ஜனவரியில் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் கவனித்து, பார்த்ததை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும். அப்போது பள்ளி விடுமுறை. அதனால் பறவைக் கையேட்டை முன்பே இரவல் வாங்கிக்கொள். பள்ளி திறந்ததும் எல்லோர் பட்டியலையும் சேர்த்து நூலகச் சுவரில் ஒட்டுங்கள்.

பரிசு இல்லாமல் பிள்ளைகள் வருவார்களா? (தலைமையாசிரியர்)

எவர்சில்வர் டம்ளருக்கு வருபவர்கள் டம்ளரோடு போய்விடுகிறார்கள் ஐயா. பிள்ளைகள் செய்த புத்தகத்துக்கு எண் போட்டு அலமாரியில் வையுங்கள், மற்றவர்கள் இரவல் எடுக்கட்டும். இருப்புப் பதிவேட்டில் மட்டும் ஏற்றாதீர்கள், தணிக்கையில் விளக்கம் சொல்லி மாளாது. தனி நோட்டில் மா-1, மா-2 என்று போகட்டும். மூலப்படியை உங்கள் மேஜையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் வெளியே கொடுங்கள்.