சட்டத்தின் கை எட்டும் தூரம்: கேள்வி பதில்

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ‘லாங் ஆர்ம் ஆஃப் தி லா’ (சொல்லுக்குச் சொல், ‘சட்டத்தின் நீண்ட கை’) என்ற ஆங்கிலத் தொடரைப் பற்றி நம்ம வேலூர்ப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

காட்பாடி: அர்த்தம் என்ன சார்?

தப்பு செய்தவன் எவ்வளவு தூரம் ஓடினாலும், எத்தனை வருஷம் ஆனாலும், சட்டம் அவனை எட்டிப் பிடித்துவிடும். கை எட்டுகிற தூரம்தான் இங்கே கணக்கு. காட்பாடியில் ரயிலேறித் தப்பியவன் இருபது வருஷம் கழித்து சூரத்தில் சிக்கினால் பொருந்தும். பூட்டை உடைக்கும்போதே மாட்டியவனுக்கு இதைப் போடாதீர்கள்.

குடியாத்தம்: ‘போலீசுக்குக் கை நீளம்’னு எழுதினேன் சார், கிளாஸே சிரிச்சுது.

சிரிக்கத்தான் செய்வார்கள். நம் ஊரில் கை நீளம் என்றால் திருட்டுப் புத்தி. அப்படிப்பட்டவனைக் கல்லாவில் உட்கார வைக்க மாட்டோம். ‘கை நீட்டிட்டான்’ என்றால் அடித்துவிட்டான். ஆபீசில் ஒருவர் கை நீட்டுகிறார் என்றால் லஞ்சம். சொல்லுக்குச் சொல் மாற்றினால் பிடிக்கிறவரே திருடராகிவிடுவார்! பேப்பரில் ‘சட்டத்தின் நீண்ட கரங்கள்’ என்று போடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நான் ‘சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப முடியாது’ என்றுதான் எழுதுவேன்.

ஆற்காடு: சட்டத்துக்கு மட்டும்தான் சொல்வாங்களா ஐயா?

இல்லை. அரசர்களுக்கும் பேரரசுகளுக்கும் சொல்வார்கள். அரசர்களின் கை நீண்டது என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதினார். நம் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நினைவாக எழுப்பியது. 1815இல் ஆங்கிலேயர் அவரைப் பிடித்து, அடுத்த வருஷம் கடல் கடத்தி, வேலூர்க் கோட்டையில் அடைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். அதே கோட்டையில்தான் 1799க்குப் பிறகு திப்புவின் குடும்பத்தையும் வைத்தார்கள். ஒரு பக்கம் கண்டி, இன்னொரு பக்கம் ஸ்ரீரங்கப்பட்டணம். இரண்டு இடத்துக்கும் எட்டிய கை அது.

பேரணாம்பட்டு: ‘ஸ்ட்ராங் ஆர்ம்’னாலும் இதேதானா?

வேறு. அது மிரட்டி, அடாவடியாகக் காரியம் சாதிப்பது.

சத்துவாச்சாரி: சட்டம் படிக்கிறேன் சார். ‘லாங் ஆர்ம் ஸ்டாட்யூட்’னு வருதே?

அது அமெரிக்கச் சட்டம். ஒரு மாநிலத்தில் வியாபாரம் செய்தவர் வெளியூர்க்காரராக இருந்தாலும், அது சம்பந்தமான சிவில் வழக்கில் அந்த மாநிலக் கோர்ட் அவரை இழுக்கலாம். இல்லினாய் மாநிலம் 1955இல் கொண்டுவந்தது பேர்பெற்றது. ஆம்பூரிலிருந்து அங்கே ஷூ அனுப்பி விற்கிற கம்பெனிமேல் வழக்கு வந்தால், ‘எங்களுக்கு இங்கே ஆபீஸே இல்லை’ என்று சொல்வது மட்டும் போதாது.