ஒரே டிஸ்க் போதுமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: ஐயா, நான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நம் மாவட்டக் கடலோர ஊர்களில் வயதானவர்களைத் தேடிப் போய்ப் பதிவு செய்த பேச்சு, பாட்டு, புகைப்படங்கள், எழுதி முடித்த இயல்கள் எல்லாம் சேர்த்து 180 ஜிபி வரும். அத்தனையும் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் நாகர்கோவில் கடைக்காரர். கல்லூரி மெயிலோடு வரும் கூகுள் டிரைவே போதும், காசைக் கரியாக்காதே என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். யார் சொல்வதைக் கேட்பது?
– ஆய்வு மாணவி, தக்கலை

பதில்: 4 டிபி வேண்டாம். அந்தப் பணத்தில் 1 டிபி டிஸ்க்காக இரண்டு பாருங்கள். 1 டிபி என்றால் ஆயிரம் ஜிபி, உங்கள் 180 ஜிபிக்கு அதுவே தாராளம். உங்களுக்கு இடம் குறைச்சல் இல்லை, எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுதான் ஆபத்து. இயலை நினைவிலிருந்து மறுபடி எழுதிவிடலாம். உங்களிடம் பாடிக் காட்டிய பாட்டி இன்று இருக்கிறாரோ இல்லையோ. அந்த ஒலிக்கோப்பு போனால் போனதுதான்.

இது பட்டுத் தெரிந்துகொண்டது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் மாடியறை ஓடுகள் பறந்தன. மேசையில் கணினி, அதை ஒட்டியே பேக்அப் டிஸ்க். எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பக்கத்திலேயே வைத்திருந்தேன். இரண்டும் ஒரே மழையில் நனைந்தன. கரண்டு வர நாள்கணக்கானதால், எது பிழைத்தது என்று உடனே பார்க்கவும் வழியில்லை. அன்று முதல் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரு நகல் வேறு கூரைக்கு அடியில் இருக்கட்டும். ஒரு டிஸ்க் உங்கள் வீட்டில், இன்னொன்று அத்தை வீட்டிலோ கல்லூரி அலமாரியிலோ. மாதம் ஒருமுறை இரண்டையும் மாற்றி வையுங்கள். இந்தத் துறையில் இதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்றாவது வெளியிடத்தில்.

அடுத்து கூகுள் டிரைவ். அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். முதல் காரணம், கல்லூரிக் கணக்கு கல்லூரியுடையது. பட்டம் வாங்கி வெளியே வந்தபின் அதை மூடிவிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் கொடுத்த இடத்தை நிறுத்தப்போவதாக கூகுள் 2021-இல் அறிவித்தது. இப்போது ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து அடிப்படை ஒதுக்கீடு 100 டிபி. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு அதைப் பங்கு போட்டால் தலைக்கு எவ்வளவு வரும் என்று பாருங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் இலவசம் 15 ஜிபி, அதிலும் மெயிலும் போட்டோவும் பங்கு கேட்கும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. லேப்டாப் ஃபோல்டரை டிரைவோடு இணைத்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நடக்கும். இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு போய்விடும். ஓர் இயலை ஜூன் மாதம் தெரியாமல் அழித்துவிட்டு ஆகஸ்டில் தேடினால் கிடைக்காது. இயல்களையும் மிக முக்கியமான பதிவுகளையும் டிரைவில் ஏற்றுங்கள். மொத்தமும் டிஸ்க்குகளில் இருக்கட்டும்.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா என்று கடையில் கேட்பார்கள். பெரும்பாலும் அலமாரியிலேயே இருக்கும் டிஸ்க்குக்குச் சாதா ஹார்ட் டிஸ்க் போதும், விலையும் குறைவு. கைடைப் பார்க்கப் பஸ்ஸில் பையோடு போய்வரும் டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். சுற்றும் தகடு உள்ளே இல்லாததால் கீழே விழுந்தாலும் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எஸ்.எஸ்.டி.யை மின்சாரம் காட்டாமல் வருஷக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைக்கக் கூடாது, உள்ளிருப்பது மெல்ல மெல்லக் கரைந்துபோகலாம். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. கடலோர ஊர் என்றால் உப்புக் காற்று வேறு. எந்த டிஸ்க்காக இருந்தாலும் மூடி இறுகிய டப்பாவில், மருந்துக் குப்பியில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

இன்னொன்று, தயவுசெய்து இதைத் தள்ளிப் போடாதீர்கள். மாதம் ஒருமுறை பேக்அப் டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள், பதிவுகளை ஓடவிட்டுக் கேளுங்கள். 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சூப்பர் கணினிக்கான பேக்அப் நிரலில் நேர்ந்த பிழையால் சுமார் 77 டெராபைட் அழிந்தது. கிட்டத்தட்ட 3.4 கோடி கோப்புகள். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன, அவற்றில் நான்கின் கோப்புகளை மீட்கவே முடியவில்லை. கோப்புகளைக் காக்க வைத்திருந்த ஏற்பாடே அவற்றை அழித்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், திறந்தே பார்க்காத டிஸ்க்கை நம்பி நீங்கள் வைவாவுக்குப் போகக் கூடாது.

வாங்கும்போது ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். நாளை வாரண்டிக்கு நிற்கும்போது பேச்சு குறையும்.

கேள்வி: எங்கள் துறைக்கு நான்கு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியே பலரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) வாங்கக் கொட்டேஷன் கேட்டோம். அதில் ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை, இருப்பதால் தனியாக பேக்அப் வேண்டாம் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?
– கல்லூரி ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: நம்பாதீர்கள். ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் ஓடும், ரெய்டின் பயன் அவ்வளவே. ஒருவர் தவறாக அழித்தால் நான்கு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். இடி விழுந்தாலும் திருட்டுப் போனாலும் பெட்டி முழுதாகத்தான் போகும். சித்திரை மாத இடியைப் பற்றி மார்த்தாண்டத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொட்டேஷனிலேயே ஒரு யு.பி.எஸ்.ஸையும், வாரம் ஒருமுறை நகல் எடுத்து வேறு கட்டடத்தில் வைக்க ஒரு வெளி டிஸ்க்கையும் சேர்த்துக் கேளுங்கள். டிஸ்க்குகள் விலையில் அடக்கமா, பெட்டி மட்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நான்கு 4 டிபி டிஸ்க்கை ரெய்டு 5 முறையில் போட்டால் ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்புக்கே போய்விடும், கைக்கு வருவது 16 இல்லை, 12 டிபி.

கேள்வி: ஆன்லைனில் மிக மலிவாக 2 டிபி பென்டிரைவ் வாங்கினேன். முதலில் போட்ட கோப்புகள் திறக்கின்றன, பிறகு போட்டவை திறக்கவில்லை. முன்பு கடையில் வாங்கிய 1 டிபி டிஸ்க்கும் கணினியில் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது. இரண்டிலும் ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், குளச்சல்

பதில்: டிஸ்க்கில் ஏமாறவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுத்துக் காட்டுகிறது. பைட் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

பென்டிரைவ் போலியாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பது சின்னச் சில்லு. 2 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்தபின் போடுவதெல்லாம் காற்றில் எழுதியது மாதிரிதான். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் முழு டிரைவையும் நிரப்பி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். சோதனையின் படத்தையும் ஆர்டர் பில்லையும் சேர்த்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, கெடு இரண்டு வருஷம்.

கேள்வி: மகளின் புராஜெக்ட் இருந்த ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது. வாரண்டி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் கோப்புகளையும் எடுத்துத் தருவார்களா?
– வாசகி, திங்கள்நகர்

பதில்: கொடுக்கும் முன் நில்லுங்கள். பொதுவாக வாரண்டி டிஸ்க்குக்குத்தான், அதில் இருப்பதற்கு இல்லை. வேறு டிஸ்க் தருவார்கள், பழையது அவர்களிடமே போய்விடும். எனவே கோப்புகள் வேண்டுமா, புது டிஸ்க் வேண்டுமா என்று முதலில் முடிவெடுங்கள்.

கோப்புகள்தான் வேண்டும் என்றால் இந்த நிமிஷமே இணைப்பைப் பிடுங்குங்கள். அந்தச் சத்தத்தோடு ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே தகடு கீறப்படலாம். மீட்பு மென்பொருள் எதையும் போட்டுப் பார்க்க வேண்டாம். சாதாரண மேசையில் வைத்துத் திறக்கும் கடைக்காரரிடமும் கொடுக்க வேண்டாம், ஒரு தூசி போதும் தகட்டைக் கெடுக்க. தூசியில்லா அறை உள்ள டேட்டா ரிக்கவரி நிறுவனத்திடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: பார்த்துச் சொல்ல எவ்வளவு, எடுத்துத் தர எவ்வளவு, கிடைக்காவிட்டால் எவ்வளவு, டிஸ்க்கைத் திறந்தால் வாரண்டி நிற்குமா. செலவு டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம். பணம் கட்டும் முன் மகளின் மெயில் அனுப்பிய பெட்டியையும், தோழிகளின் வாட்ஸப்பையும், வழிகாட்டிக்குக் கொடுத்த பென்டிரைவையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். பாதி புராஜெக்ட் அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும்.