கால் வீக்கம் முதல் வியர்வை வரை: உடம்பின் இயற்பியல்

கேள்வி: விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். கடை அடைக்கும் நேரத்தில் கால் வீங்கிவிடுகிறது. நாள் முழுக்க நடப்பவர்களுக்கு இப்படி ஆவதில்லையே, ஏன் ஐயா?

பதில்: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது, அம்மா. நிற்கும்போது இதயத்துக்கும் பாதத்துக்கும் இடையே ஏறக்குறைய 120 செ.மீ. உயரத்துக்கு இரத்தம் நிற்கிறது. அந்த உயரத்தின் எடையால் கணுக்கால் குழாய்களில் சுமார் 90 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் கூடுகிறது. நடந்தால் ஒவ்வோர் எட்டுக்கும் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழியும். மேலேறிய இரத்தம் கீழே திரும்பாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுத்துவிடும். உடம்பில் நான் மிகவும் வியக்கும் ஏற்பாடு இதுதான். அசையாமல் நின்றாலோ பிழிய ஆளில்லை. நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து திசுவில் தேங்குகிறது. கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது பெருவிரலால் சற்று அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி விழுந்தபடி இருந்தால் அங்கே தேங்கியிருப்பது அந்த நீர்தான்.

ஆள் வராத நேரத்தில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள். உட்காருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது, கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: வீட்டில் பார்த்தால் இரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டுகிறது. கருவி பழுதா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: கையைத் தொங்கவிட்டுப் பார்க்கிறீர்களோ? மேலே சொன்ன அதே கணக்குதான். பட்டை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் சுமார் 8 மி.மீ. கூடுதலாகக் காட்டும். கையை மேசைமேல் வைத்து, பட்டை மார்பு உயரத்தில் இருக்கும்படி பாருங்கள்.

கேள்வி: 5 கிலோ அரிசிப் பையை முழங்கை மடக்கிப் பிடித்தால் சீக்கிரம் கை கடுக்கிறதே? (மேலூர் மாணவி)

பதில்: மேற்கைத் தசை முழங்கை மூட்டிலிருந்து ஏறக்குறைய 4 செ.மீ. தள்ளித்தான் ஒட்டியிருக்கிறது, பையோ 32 செ.மீ. தள்ளி. எனவே தசை 8 மடங்கு இழுக்க வேண்டும், அதாவது 40 கிலோவுக்கு உரிய விசை. பதிலுக்குக் கிடைப்பது வேகம், மகளே: தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 8 செ.மீ. நகரும்.

கேள்வி: மதுரை வெயிலைத் தாங்கும் எனக்கு, வெயில் குறைந்த ராமேசுவரத்தில் ஏன் புழுக்கம் தாங்கவில்லை?

பதில்: 1 லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டினால் அந்தப் பயன் இல்லை. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி. வியர்வை உலர வழியில்லை. அங்கே போனால் காற்றோட்டமான இடம் பார்த்து உட்காருங்கள், தண்ணீரும் நிறையக் குடியுங்கள்.