யூமா சிறையில் இருமும் கைதி

நண்பருக்கு வணக்கம். உங்கள் கதையில் 1895-இல் அரிசோனாவின் யூமா சிறையில் இருக்கும் கைதி இரத்தம் கக்குகிறான். அவனைக் கவனிக்க வைத்தியரே இருந்திருக்க மாட்டாரா, தூக்கில் போட்டு முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தூக்கை விட்டுவிடுங்கள். 1876 முதல் 1909 வரை இயங்கிய அந்தச் சிறையில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. மூவாயிரத்துச் சொச்சம் கைதிகளில் 111 பேர் அங்கே இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொண்டுபோனது காசநோய். ஆகவே இருமல் மிகப் பொருத்தம். வைத்தியமும் இருந்தது. சிறைக்குள்ளேயே மருத்துவமனை, நூலகமும் மின்விளக்கும்கூட உண்டு. ஊர்க்காரர்கள் பொறாமையோடு கேலி பேசிய சிறை அது!

ஆனால் அந்த வைத்தியரால் என்ன செய்திருக்க முடியும்? காசநோய்க் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1882-இலேயே கண்டுபிடித்துவிட்டார்; அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து வந்ததோ 1940-களில். படுக்கை, சாப்பாடு, காற்று, அவ்வளவுதான் கொடுக்க முடியும். வேடிக்கை என்னவென்றால், வெளியே காசநோயாளிகள் வறண்ட காற்றைத் தேடி அரிசோனாவுக்கு ரயிலேறி வந்துகொண்டிருந்தார்கள். உள்ளேயோ கருங்கல் அறை, மும்மூன்று அடுக்காக ஆறு படுக்கைகள், மூலையில் ஒரு மலச்சட்டி. ஒருவன் இருமினால் ஐந்து பேர் மூச்சில் வாங்க வேண்டியதுதான்.

உங்கள் கைதியை மேல் அடுக்கில் படுக்க வையுங்கள். கீழே இருப்பவன் முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளட்டும். வைத்தியர் காலையில் வரட்டும்.