குழந்தை பிறக்கும் முன்பே படிப்புக்குப் பாலிசி போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை இருக்கிறது, பிக்கப் வண்டியும் ஓட்டுகிறேன். சராசரியாக மாதம் 22,000 ரூபாய் வரும். பனிக்காலத்தில் இலை குறைந்தால் வருமானமும் குறையும். மனைவிக்கு இது ஐந்தாம் மாதம், முதல் குழந்தை; மார்கழியில் பிரசவம். மாதம் 3,000 ரூபாய் கட்டினால் பிள்ளையின் காலேஜ் படிப்புக்கு ஆகும் என்று தெரிந்த ஏஜென்ட் சொல்கிறார். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. ஆரம்பிக்கலாமா ஐயா?

பதில்: இப்போது வேண்டாம் தம்பி. 18 வயதுச் செலவை நினைத்து, கண்முன் இருக்கும் செலவுக்குப் பணம் இல்லாமல் செய்துவிடாதீர்கள்.

வயிற்றில் 270 நாள், பிறந்தபின் 730 நாள், மொத்தம் 1,000 நாள். ஒரு பிள்ளையின் உடம்புக்கும் மூளைக்கும் அஸ்திவாரம் விழுவது இந்த நாட்களில்தான். இரண்டு வயதிலேயே மூளை பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. அதனால் உங்கள் 3,000 ரூபாய் இப்போது முட்டை, பால், பருப்பு, கீரையாக மனைவியின் தட்டுக்குப் போகட்டும். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 180 நாளாவது சாப்பிட வேண்டும். நம் மலையில் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் உண்டே, அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

மனைவியும் இலை பறிப்பவர் என்றால், இனி அந்த வேலைக்குக் கூலி ஆள் வைக்க வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் எழுதுங்கள். பிரசவம் வரும் நேரத்தில்தான் பனியால் இலையும் குறையும். அதற்கு முன் ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபடலாம். நாள் நெருங்கும்போது டவுனில் உறவினர் வீடு இருந்தால் அங்கே தங்கிவிடுங்கள். குறைமாதமாகவோ எடை குறைவாகவோ பிறந்தால் கோயம்புத்தூருக்கு ஓட வேண்டியிருக்கலாம். அந்த 40,000 ரூபாய் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும், அதைத் தொடாதீர்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், தகுதி இருந்தால் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி கிடைக்கும். கர்ப்பத்தை அரசில் பதிவு செய்ததும் தரும் பிக்மி எண்ணை வாங்கியாயிற்றா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

அப்புறம், மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறீர்கள். பிள்ளைக்கு உண்மையான பாதுகாப்பு உங்கள் உயிருக்கு எடுக்கும் காப்பீடுதான். வங்கியில் வருடம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் இருக்கின்றன. இந்த வாரமே இரண்டிலும் சேருங்கள். பிறகு வருமானம் இடம் கொடுக்கும் அளவுக்கு ஒரு டேர்ம் பாலிசி, அதாவது குறித்த காலத்துக்குள் உயிர் போனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி எடுங்கள். ஏஜென்ட் சொல்வது போன்ற சேமிப்புப் பாலிசிகளில் வளர்ச்சி பெரும்பாலும் 5, 6 சதவீதத்தைத் தாண்டாது. இலை விலை விழுந்து தவணை கட்ட முடியாமல் ஆரம்ப வருடங்களில் நிறுத்தினால், கட்டியதில் கணிசமான பகுதி போய்விடும்.

பிறந்த பிறகு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தடுப்பூசி அரசில் இலவசம். ஒரு வயதில் எடை பிறந்தபோது இருந்ததைப் போல மூன்று மடங்காகும். அதுவரை தாயின் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். இரண்டு வயதுக்கு மேல் அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கினால் கை கொஞ்சம் இளகும். சேமிப்பை அப்போது ஆரம்பியுங்கள். பெண் என்றால் செல்வமகள் சேமிப்புத் திட்டம், வருடம் 250 ரூபாய் கட்டினாலே போதும். பையன் என்றால் பொது வருங்கால வைப்பு நிதி, குறைந்தது 500. இலைக்கு நல்ல விலை கிடைக்கும் மாதத்தில் கூடுதலாகக் கட்டலாம், பனிக்காலத்தில் விட்டுவிடலாம். உங்களைப் போல வருமானம் ஏறி இறங்கும் வீட்டுக்கு இதுதான் பொருந்தும்.

பள்ளி வயதில், பக்கத்து அரசுப் பள்ளியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். காலை உணவு தொடக்கப் பள்ளியிலேயே கிடைக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவ, பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போனபின் மாதம் 1,000 ரூபாய். காலேஜ் செலவில் பெரும் பாரம் அங்கேயே இறங்கிவிடும்.

ஏஜென்ட் தெரிந்தவர் என்பதால் முகத்துக்கு நேரே மறுக்கச் சங்கடமாக இருக்கும். "குழந்தைக்கு மூன்று வயது ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். சரி, ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்தாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.