“தொட்டாச்சிணுங்கி”ன்னு சொல்றாங்க: கேள்வி பதில்

ஈரோட்டில் 12 வருசமாக மனநல ஆலோசனை கொடுத்து வருகிறேன். சட்டென்று நொந்துபோகிற மனசு பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை எடுத்துவிட்டேன்.

திருப்பூரிலிருந்து: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைங்க. சூப்பர்வைசர் ஒரு பீஸைத் தூக்கிப் போட்டுச் சத்தம் போட்டால் அன்னைக்கு முழுக்கச் சோறு இறங்காது. பக்கத்து டேபிள் அக்கா அதே திட்டை வாங்கிட்டு டீ குடிக்கப் போயிடறாங்க. எனக்கு இது நோயா?

நோய் இல்லைங்க, சுபாவம். எலைன் ஆரன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் இதை ஆராய்ந்து தனியாகப் பெயர் வைத்தார். நூற்றுக்கு 15 முதல் 20 பேர் இப்படி இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இது கிடையாது. சத்தம், வெளிச்சம், எதிரில் இருப்பவர் முகம் லேசாக மாறுவது எல்லாமே உங்களுக்குள் ஆழமாக இறங்கும். மற்றவர் கண்ணுக்குத் தப்பிய ஆயில் கறையைப் பிடிக்கிறவரும் அனேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஆனால் ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அதைச் சுபாவம் என்று விட்டுவிடக் கூடாது. அது மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள்.

கோபியிலிருந்து: தெரபின்னா பேச்சுத்தானே? எங்க அம்முச்சிகிட்ட (அம்மாவோட அம்மா) பேசினாலே மனசு லேசாகுது. அதுக்கு எதுக்குங்க காசு?

அம்முச்சியை விட்டுவிடாதீர்கள், அது பெரிய கொடுப்பினை. ஆனால் அவர் உங்கள் பக்கம்தான் பேசுவார். நாங்கள் யார் பக்கமும் பேசுவதில்லை, நடந்ததைப் பிரித்துப் பார்ப்போம்.

ஒருவர் வந்தார். பெருந்துறைப் பக்கம் ஒரு காதுகுத்தில் நங்கையா (அண்ணி, நாத்தனார் முறை) தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று மூன்று நாள் அழுதிருக்கிறார். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் நடந்ததையும் வலப்பக்கம் தான் நினைத்ததையும் எழுதச் சொன்னேன். இடப்பக்கம் ஒரே வரி: ‘சிரிக்கவில்லை.’ வலப்பக்கம் பக்கம் நிறைந்து ஓரத்திலும் எழுதியிருந்தார்: போன வருசச் சீர், கொடுத்த புடவை, அப்பா இல்லாத வீடு என்று. அதைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். அப்பா இல்லாத வீடு என்ற வரியைப் பற்றி மட்டும் அப்புறம் நாலு வாரம் பேசினோம். 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய, நம் நினைப்பையே பிரித்துச் சோதித்துப் பார்க்கிற சிகிச்சை முறையின் ஒரு துண்டு இது.

பல்லடம் பக்கத்திலிருந்து: தறி ஓட்டறேன். சின்ன விசயத்துக்கும் வீட்டுல அழுவறாங்க. ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’ன்னு நல்லதுக்குத்தான் சொல்றேன், இன்னும் எச்சாகுது.

அந்த வார்த்தையால்தாங்க எச்சாகுது. மார்ஷா லினஹன் என்ற உளவியலாளர் இளம் வயதில் தானே மனநல மருத்துவமனையில் இருந்தவர். 2011இல் அதை வெளிப்படையாகச் சொன்னார். கட்டுக்கடங்காத உணர்ச்சியால் தவிக்கிறவர்களுக்கு ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கியவர். பிறவியிலேயே இளகிய மனசு, அதோடு ‘உனக்கு வலிக்கவே இல்லை’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிற வீடு, இரண்டும் சேர்ந்தால்தான் சிக்கல் முற்றும் என்பது அவர் சொன்னது. வலிக்கவில்லை என்று சொன்னால், வலிக்கிறது என்று நிரூபிக்க இன்னும் சத்தமாக அழ வேண்டியிருக்கிறது.

ஊடை நூல் அறுந்தால் தறி நிற்கும். நின்ற தறியை யாராவது திட்டுவோமா? எங்கே அறுந்தது என்றுதானே பார்ப்போம். ‘அவங்க அப்படிச் சொன்னது உனக்குச் சங்கடமாப் போச்சா’ என்று கேட்டுவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதெல்லாம் சரி என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. புத்திமதியை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கரூர், கல்லூரி மாணவி: பொங்கி வர்ற அந்த நிமிசத்துல என்ன செய்யறது?

பேசாதீங்க, மெசேஜும் அனுப்பாதீங்க. ஒரு குண்டாவில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு 15 முதல் 30 விநாடி முகத்தை அமுக்குங்கள். நீருக்குள் முங்கும்போது இதயத் துடிப்பு தானாகக் குறைவது உடம்பின் இயல்பு. லினஹன் முறையில் இதையும் சொல்லித்தருவார்கள். இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். உணர்ச்சி போய்விடாது, ஆனால் அனுப்ப இருந்த மெசேஜைத் திரும்பப் படித்துப் பார்க்கிற அளவுக்கு நிதானம் வரும்.

நாமக்கல்: எட்டு வயசுப் பையன். ஆம்பளப் பையன் இப்படி அழலாமா?

அழலாம்.

கோவை: எங்கே போறது? தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். தனியாரிடம் போனால் படிப்பு என்ன, பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், தப்பில்லை. மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர். உளவியலாளர் எழுத மாட்டார். நீங்கள் சிகிச்சைக்கு வந்த விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. வெளியே உட்கார்ந்திருக்கும்போது ஒறம்பரை யாராவது பார்த்தால்? அவர்களும் அங்கேதானே வந்திருக்கிறார்கள்.

முதலில் பார்த்தவர் ஒத்துவரவில்லை என்றால் மூன்று நான்கு தடவை பார்த்துவிட்டு ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒன்றும் கோபம் வராதுங்க.